ரேஜ் இயக்கம்: மார்பகப் புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சையும் பெண்களின் சாட்சியமும்

ரேஜ் என்பது 1991-ஆம் ஆண்டு பிரிட்டனில் தொடங்கப்பட்ட நோயாளிகள் அமைப்பு. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று, புற்றுநோய் அடங்கியபின் அதே சிகிச்சையால் கை செயலிழந்த அல்லது தீராத வலிக்கு ஆளான பெண்கள் இதைத் தொடங்கினர். இவர்களில் பெரும்பாலோர் நடுவயதில் சிகிச்சை பெற்றவர்கள். ‘ரேடியோதெரபி ஆக்‌ஷன் குரூப் எக்ஸ்போஷர்’ என்பது முழுப்பெயர். அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கடுஞ்சினத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கிடைக்கும். அந்தப் பெயர் தற்செயலாக அமைந்ததன்று.

கதிர்வீச்சு மார்பகப் புற்றுநோயைக் கட்டுப்படுத்துகிறதா என்பது குறித்து ரேஜ் பெண்கள் ஐயம் எழுப்பவில்லை. அவர்கள் கேட்டவை வேறு. தங்கள் கைக்கு நேர்ந்தது என்ன? அது ஏன் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை? ஒரே வகையான துன்பம் வெவ்வேறு ஊர்ப் பெண்களுக்கு நேர்ந்திருந்தும் ஏன் யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை? இக்கேள்விகளுக்கு விடை தேடியதன் வரலாறு, இன்று மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் கதிர்வீச்சின் அளவு, நாள், முறை ஆகியவற்றோடு பின்னிப் பிணைந்துள்ளது.

பின்னணி

வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். அடுத்த சில வாரங்களிலேயே, 1896 சனவரியில், சிகாகோவில் எமில் குருப்பே என்பவர் மார்பகப் புற்றுநோயுற்ற ஒரு பெண்ணுக்கு அக்கதிர்களைச் செலுத்தியதாகக் கூறப்படுகிறது. (இது பெரும்பாலும் குருப்பே பின்னாளில் தாமே சொன்ன செய்தி. வரலாற்றாசிரியர் அனைவரும் இதை அப்படியே ஏற்பதில்லை.) எனினும், கதிர்வீச்சு மருத்துவத்தில் நுழைந்த காலந்தொட்டே மார்பகப் புற்றுநோய் அதனுடன் சேர்ந்தே வந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோலோச்சியது அறுவை மருத்துவமே. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்பகம் மட்டுமன்றி அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளும் அக்குள் நிணநீர்க் கணுக்களும் சேர்த்து அகற்றப்பட்டன. லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் 1920-களில் ரேடிய ஊசிகளைப் பதித்து, மார்பகத்தைக் காக்க முயன்றார். பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தம்பி இவர். இவருடைய முடிவுகள் நன்றாகவே இருந்தும் சக மருத்துவர்களில் பலர் பொருட்படுத்தவில்லை. எடின்பரோவில் ராபர்ட் மெக்விர்ட்டர் சிறிய அறுவையோடு கதிர்வீச்சைச் சேர்த்து அளித்து, 1948-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கனடாவின் டொரன்டோவில் வேரா பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர், கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு பெற்ற பெண்களைப் பற்றி 1967-இல் எழுதினார். மார்பகத்தை இழக்க மறுத்த பெண்களின் சொல்லை மதித்ததால் கிடைத்த அனுபவம் அது.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் 1970-களில் தொடங்கிய ஆய்வுகள், தொடக்கநிலை நோயில் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தால் மார்பகம் முழுவதையும் நீக்கியதற்கு ஈடான உயிர்வாழ்வு கிட்டும் எனக் காட்டின. கட்டியை மட்டும் அகற்றும் பெண்ணுக்குக் கதிர்வீச்சு வழக்கமாயிற்று. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் சிகிச்சை மேசையில் கையைத் தலைக்குமேல் தூக்கிப் படுத்தனர்.

பேசத் தொடங்கிய பெண்கள்

மார்பகப் புற்றுநோயைப் பற்றி வாய்திறப்பதே வெட்கம் எனக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1974-இல் அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டு தமக்கு அறுவை நடந்ததை மறைக்காமல் அறிவித்தது அந்தத் தயக்கத்தை உடைத்தது. அதே ஆண்டு ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர் தம் 45-ஆம் வயதில் மார்பில் கட்டியைக் கண்டார். மயக்கத்தில் இருக்கும்போதே சோதனை செய்து, அதே மயக்கத்திலேயே மார்பகத்தையும் எடுத்துவிடும் அக்கால வழக்கத்தை அவர் எதிர்த்தார். 1975-இல் நூல் எழுதினார். பெண்கள் தொலைபேசியில் கேட்டறியும் ஆலோசனை மையத்தையும் நடத்தினார். 1979-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழுவில் மருத்துவர் அல்லாத உறுப்பினராக அமர்ந்தார். சோதனையையும் அறுவையையும் இரு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.

பிரிட்டனில் பெட்டி வெஸ்ட்கேட் 1973-இல் மார்பக அறுவை செய்துகொண்ட பெண்களுக்கான சங்கத்தைத் தொடங்கினார். செயற்கை மார்பகம் எங்கே கிடைக்கும், எந்த உள்ளாடை பொருந்தும், கணவரிடம் எப்படிச் சொல்வது என்பன போன்ற, மருத்துவர் அறையில் இடம்பெறாத கேள்விகளுக்கு அங்கே விடை கிடைத்தது. 1985-இல் விக்கி கிளெமென்ட்-ஜோன்ஸ் தொடங்கிய ‘பேக்கப்’ என்னும் அமைப்பு எல்லா வகைப் புற்றுநோயாளிகளுக்கும் தகவல் அளித்தது. இவர் மருத்துவர், தாமே புற்றுநோயாளி.

இந்த உரையாடல்களில் அறுவையே மையப்பொருளாக இருந்தது. கதிர்வீச்சைப் பற்றிய பேச்சு குறைவு. பேசியவையும் சிகிச்சை நாள்களைப் பற்றியவையே: தோலில் பச்சைக்குத்தும் சிறு புள்ளிகள், எல்லாரும் வெளியேறிக் கனத்த கதவு மூடியபின் இயந்திரத்தோடு தனித்திருக்கும் சில நிமிடங்கள், வெயிலில் வெந்ததுபோலச் சிவக்கும் தோல், குளிக்கலாமா கூடாதா என்ற குழப்பம், கடைசி வாரங்களில் வந்து சிகிச்சை முடிந்தபின்னும் நீங்காத அசதி. குளியல் பற்றிய குழப்பத்திற்குக் காரணம் உண்டு. கதிர்பட்ட இடத்தைக் கழுவவே கூடாது எனப் பல மருத்துவமனைகள் சொல்லிவந்தன. மென்மையாகக் கழுவுவதால் கேடில்லை என 1992-இலும் 2001-இலும் வெளியான சிறு ஆய்வுகள் காட்டின. வாரக்கணக்கில் குளிக்காமல் இருந்த பெண்களுக்கு அந்தச் செய்தி தாமதமாகவே வந்தது.

சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்து வரும் கேட்டைப் பற்றி மட்டும் ஏறத்தாழ யாரும் பேசவில்லை. காரணம் எளியது. சிகிச்சை நாள்களில் பெண்கள் காத்திருப்புக் கூடத்தில் ஒருவரையொருவர் பார்த்தனர். ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் கை மரத்துப்போனபோது ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் தனியே இருந்தனர்.

கைக்கு என்ன நேர்ந்தது

கழுத்தெலும்புகளுக்கு இடையிலிருந்து வெளிவரும் நரம்புகள் ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்பின் அடியில் சென்று, அக்குள் வழியாகக் கைக்கு இறங்குகின்றன. இது புய நரம்புப் பின்னல் எனப்படும். விரல்களின் உணர்வும் கையின் அசைவும் இதைப் பொறுத்தவை. மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் நிணநீர்க் கணுக்களும் இதே அக்குளிலும் காறை எலும்பின் மேற்பகுதியிலும்தான் உள்ளன. எனவே அக்கணுக்களுக்குக் கதிர் செலுத்தும்போது நரம்புப் பின்னலும் கதிரின் பாதையில் அகப்படுகிறது.

அளவு மீறினால் நரம்பைச் சுற்றியுள்ள திசு மெல்ல மெல்லத் தழும்பாக இறுகும். நரம்புக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடும். இது நாள்கணக்கில் நிகழ்வதன்று. மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். முதலில் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோன்ற உணர்வு. பிறகு பொத்தான் போட இயலாமை, பேனா பிடிக்க இயலாமை. சிலருக்குக் கை முழுவதும் தொங்கிவிடும். வலி எல்லாருக்கும் ஒரே அளவில் இராது. வலியே முதன்மைத் துன்பமாக இருந்தவர்களும் உண்டு. நிணநீர் தேங்கிக் கை வீங்குவதும் பலருக்கு இதனுடன் சேர்ந்தது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. புற்றுநோய் திரும்பி வந்து நரம்புப் பின்னலை அழுத்தினாலும் ஏறத்தாழ இதே அறிகுறிகள்தாம் தோன்றும். காந்த அதிர்வுப் படமெடுக்கும் கருவிகள் பரவலாகாத காலத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே கை மரத்துப்போகிறது என்று சொல்லிவந்த பெண், நோய் திரும்பிவிட்டதோ என்ற அச்சத்தோடு மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. நோய் இல்லை என்று தெரிந்தபின், அப்படியானால் இது என்ன என்ற கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை.

1991: ஒன்றுசேர்தல்

ரேஜ் அமைப்பைத் தொடங்க முன்னின்றவர்களில் ஒருவர் ஆட்ரி ஐயன்சைடு சீமாட்டி. இவரும் மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர். ஊடகங்களில் செய்தி பரவியபோது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெண்கள் தொடர்பு கொண்டனர். வெவ்வேறு மருத்துவமனைகள், வெவ்வேறு மருத்துவர்கள், வெவ்வேறு ஆண்டுகள். ஆனால் சொல்லப்பட்டது ஒரே கதை.

அந்த ஒற்றுமையே அவர்களின் வலிமை. ஒரு மருத்துவமனையின் ஒரு மருத்துவர் தம் பணிக்காலத்தில் இத்தகைய நோயாளிகள் சிலரை மட்டுமே காணக்கூடும். அவர் பார்வையில் இது அரிய தீவினை. அத்துடன், கேடு வெளிப்படுவதற்குள் பல பெண்கள் புற்றுநோய்ப் பிரிவின் தொடர் கண்காணிப்பிலிருந்து விலகிவிடுவர். கை வலிக்கென அவர்கள் செல்வது எலும்பு மருத்துவரிடமோ நரம்பியலாரிடமோ குடும்ப மருத்துவரிடமோதான். சிகிச்சை அளித்தவருக்கு அதன் விளைவு தெரியவே வாய்ப்பில்லாமல் போகும். பெண்கள் தாமே ஒன்றுசேர்ந்து தம் கதைகளை அடுக்கியபோதுதான் எண்ணிக்கை கண்ணில் பட்டது. மருத்துவப் பதிவேடுகள் செய்யாததைக் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் செய்தன எனலாம்.

அளவும் தவணையும்

இவ்விடத்தில் சிறு கணக்கைப் பார்க்க வேண்டும். அது தெரியாமல் மீதி வரலாறு விளங்காது.

கதிர்வீச்சின் அளவு ‘கிரே’ என்னும் அலகால் குறிக்கப்படும். ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே. மொத்த அளவை ஒரே நாளில் கொடுப்பதில்லை; தவணைகளாகப் பிரிப்பர். இரு தவணைகளுக்கு இடையில் நலமான திசு தன்னை ஓரளவு பழுதுபார்த்துக்கொள்ளும். ஆகவே மொத்த அளவு எவ்வளவு என்பது மட்டும் போதாது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதும் வேண்டும்.

பிரிட்டனின் பல மையங்களில் இயந்திரங்கள் குறைவு, நோயாளிகள் மிகுதி. அதனால் தவணைகளைக் குறைத்து, ஒவ்வொரு தவணையின் அளவைக் கூட்டும் வழக்கம் அங்கே வேரூன்றியிருந்தது. 54 கிரேயை 30 தவணைகளில் கொடுத்தால் நாளொன்றுக்கு 1.8 கிரே. 45 கிரேயை 15 தவணைகளில் கொடுத்தால் நாளொன்றுக்கு 3 கிரே. இரண்டாவதில் மொத்தம் குறைவு. எனவே அதுவே பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் இவ்விரு முறைகளிலும் சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்டு 1990-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், முதல் முறையில் நூற்றுக்கு ஒருவர் அளவிலும், இரண்டாம் முறையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் அளவிலும் நரம்புப் பின்னல் கேடு காணப்பட்டது. நரம்புத் திசு நாளளவுக்கு மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும். புற்றுநோய்க் கட்டியைக் கணக்கில் கொண்டு பார்த்தால் சரியாக இருக்கும் அளவு, நரம்பைக் கணக்கில் கொண்டால் தவறாகிவிடும்.

1995: இரண்டு அறிக்கைகள்

ரேஜ் எழுப்பிய குரலின் தொடர்ச்சியாக, பிரிட்டனின் கதிரியல் மருத்துவர் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸ் இம்முறையீடுகளை ஆராய முன்வந்தது. 1995-இல் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன.

முதலாவது தெல்மா பேட்ஸும் எவன்ஸும் செய்த தனிப்பட்ட மறு ஆய்வு. நரம்புப் பின்னல் பாதிக்கப்பட்ட பெண்களின் பழைய சிகிச்சைக் குறிப்புகளை எடுத்து, எங்கே பிழை நேர்ந்திருக்கும் எனப் பார்த்தனர். அவர்கள் சுட்டிய காரணம் வியப்பளிப்பது. மார்பகத்திற்கு ஒரு கிடையிலும், அக்குள், காறை எலும்புப் பகுதிக்கு வேறொரு கிடையிலும் கதிர் செலுத்துவது சில மையங்களில் வழக்கம். இடையில் நோயாளி கையை நகர்த்துவார், உடலைத் திருப்புவார். தோலில் போட்ட கோடுகள் உடலோடு சேர்ந்து நகரும். வரைபடத்தில் அடுத்தடுத்து அமையும் இரு கதிர்ப்புலங்கள் உடலுக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடும். அப்படி விழுந்த குறுகிய இடத்தில் மொத்த அளவும் கூடும், நாளளவும் கூடும். அந்த இடத்தில் நரம்புப் பின்னல் அமைந்துவிட்டால் கேடு இரட்டிக்கும்.

இரு கட்டங்களுக்கு இடையே உடலை நகர்த்தினார்கள் என்பது சிகிச்சைப் பட்டியலில் பெரிதாக எழுதப்படும் செய்தியன்று. மேசையில் படுத்திருந்தவருக்கு அது தெரியும்.

இரண்டாவது அறிக்கையைத் தயாரித்த குழுவுக்கு ஜேன் மேயர் தலைமை வகித்தார். கேடு ஏற்கெனவே நேர்ந்துவிட்ட பெண்களை எப்படிக் கவனிப்பது என்பது இதன் பொருள். வலி மருத்துவர், நரம்பியலார், உடற்பயிற்சி மருத்துவர், நிணநீர் வீக்கப் பராமரிப்பாளர் என ஒவ்வொரு வாசலிலும் தனித்தனியே நிற்கவிடாமல் ஒருங்கிணைந்த கவனிப்பு தேவை என அது வலியுறுத்தியது. மேயர் பின்னாளில் மேக்மில்லன் புற்றுநோய் உதவி அமைப்பின் தலைமை மருத்துவ ஆலோசகர்களில் ஒருவராகி, சிகிச்சை முடிந்தபின் வாழ்வோரின் நெடுநாள் துன்பங்களைத் தம் பணியின் மையமாக்கினார்.

நீதிமன்றம் ஏன் உதவவில்லை

இழப்பீடு கோரி ரேஜ் பெண்கள் பலர் சட்ட நடவடிக்கையில் இறங்கினர். பெரும்பாலோர்க்கு அது பயன் தரவில்லை. இதற்கு அன்றைய பிரிட்டிஷ் சட்டத்தின் அமைப்பே பெரிதும் காரணம். 1957-ஆம் ஆண்டின் போலம் வழக்குத் தீர்ப்பின்படி, பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று ஏற்கும் வழக்கத்தைப் பின்பற்றிய மருத்துவர் கவனக்குறைவுடையவர் ஆகமாட்டார். 1985-ஆம் ஆண்டின் சிடவே வழக்கு, ஆபத்துகளை நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதையும் பெரும்பாலும் மருத்துவ வழக்கத்திடமே விட்டது. 3 கிரே தவணை பல மையங்களின் வழக்கம். கை செயலிழக்கலாம் என்று சொல்லாமல் விடுவதும் பலரின் வழக்கம். வழக்கமே கேட்டுக்குக் காரணம் என்று வாதிடுபவருக்கு, வழக்கத்தையே அளவுகோலாகக் கொண்ட சட்டம் எப்படித் துணைநிற்கும்?

நோயாளி தெரிந்துகொள்ள விரும்பக்கூடிய ஆபத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற நிலைக்குப் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வந்தது 2015-இல், மகப்பேறு தொடர்பான மாண்ட்கோமரி வழக்கில். அத்தீர்ப்புக்கும் ரேஜ் அமைப்புக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் 1990-களில் அப்பெண்கள் கேட்டது ஏறத்தாழ அதையேதான்.

இன்னொரு குரல்: ஹேசல் தார்ன்டன்

ரேஜ் தொடங்கிய அதே 1991-இல் வேறொரு பெண்ணும் கேள்வி எழுப்பினார். பிரிட்டனின் தேசிய மார்பகப் பரிசோதனைத் திட்டம் 1988-இல் தொடங்கி, 50 முதல் 64 வயதுவரை உள்ள பெண்களை அழைத்துவந்தது. அப்படிச் சென்ற ஹேசல் தார்ன்டனுக்குப் பால் நாளத்திற்குள்ளேயே அடங்கியிருக்கும் தொடக்கநிலை மாற்றம் கண்டறியப்பட்டது. இத்தகைய பெண்களுக்குக் கதிர்வீச்சு வேண்டுமா, தமாக்சிபென் மாத்திரை வேண்டுமா, இரண்டுமா, இரண்டும் வேண்டாமா என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்க்கும் ஆய்வு அப்போது நடந்துவந்தது. அதில் சேருமாறு அவரைக் கேட்டனர். அவர் மறுத்தார்.

மறுத்ததோடு நிற்கவில்லை. முடிவெடுக்கப் போதுமான தகவலும் அவகாசமும் நோயாளிக்குத் தரப்படுவதில்லை என்று விளக்கி, 1992-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். மருத்துவரல்லாத ஒரு பெண் அத்தகைய இதழில் நோயாளியாக நின்று எழுதுவது அன்று அரிது. ஆய்வே கூடாது என்பது அவர் நிலைப்பாடன்று. ஆய்வை வடிவமைக்கும்போதே நோயாளிகளையும் உடன்வைத்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். 1994-இல் அறுவை மருத்துவர் மைக்கேல் பாமுடன் சேர்ந்து, மருத்துவ ஆய்வுகளுக்கான நுகர்வோர் ஆலோசனைக் குழுவை அமைத்தார்.

ஸ்டார்ட் ஆய்வுகள்

பிரிட்டனில் எந்த ஊரில் சிகிச்சை பெறுகிறோம் என்பதைப் பொறுத்தே தவணைகளின் எண்ணிக்கை அமையும் நிலை 1990-களின் இறுதிவரை நீடித்தது. இதைத் தீர்க்க வந்தவை ஸ்டார்ட் எனப்படும் இரு ஆய்வுகள். மருத்துவர் ஜான் யார்னால்டு இவற்றில் முதன்மைப் பங்காற்றினார். தவணை அளவு குறித்த அவரது முன்னோடி ஆய்வு 1986-லேயே தொடங்கிவிட்டது. ஆகவே ரேஜ் இயக்கத்தால் மட்டுமே ஸ்டார்ட் பிறந்தது என்று சொல்ல இயலாது. ஆயினும் நலமான திசுவுக்கு நேரும் நெடுநாள் கேட்டை இனி யாரும் ஓரக்குறிப்பாக ஒதுக்க முடியாத சூழலை உருவாக்கியதில் ரேஜ் பெண்களுக்குப் பங்குண்டு.

இரு ஆய்வுகளிலுமாக 4,451 பெண்கள் கலந்துகொண்டனர். இரண்டாம் ஆய்வில் 2,215 பேர். அவர்களில் ஒரு பாதிக்கு 50 கிரே, 25 தவணைகளில், ஐந்து வாரங்கள். மறு பாதிக்கு 40 கிரே, 15 தவணைகளில், மூன்று வாரங்கள். நோய் திரும்புகிறதா என்பதோடு மட்டும் ஆய்வாளர்கள் நிற்கவில்லை. மார்பகத்தை ஒளிப்படம் எடுத்து மாற்றத்தை அளந்தனர். பெண்களிடமே வினாத்தாள் கொடுத்தும் கேட்டனர்: மார்பகம் கடினமாகிவிட்டதா? தோலின் தோற்றம் மாறியதா? தோளில், கையில் வலி உண்டா? கை வீங்குகிறதா? ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் விடை எழுதினர். ரேஜ் பெண்கள் தாமாக எழுதிய கடிதங்களில் இருந்தவை இப்போது அச்சிட்ட வினாக்களாக வந்தன.

பத்தாண்டு முடிவு 2013-இல் வெளியானது. மார்பகத்திலோ அருகிலோ நோய் திரும்பியது 50 கிரே குழுவில் 5.5 விழுக்காடு, 40 கிரே குழுவில் 4.3 விழுக்காடு. வேறுபாடு சிறிதே. ஆனால் மூன்று வாரக் குழுவில் மார்பகச் சுருக்கம், வீக்கம் போன்ற பின்விளைவுகள் குறைவாக இருந்தன. இதற்கு முன்பே, 2009-இல், 15 தவணை முறையைப் பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல் ஏற்றுக்கொண்டுவிட்டது.

இங்கே ஒரு முரண் தோன்றும். ரேஜ் பெண்களுக்குக் கேடு செய்தது 15 தவணை முறை. இப்போது நல்லது எனக் கண்டதும் 15 தவணை முறை. இரண்டுக்கும் இடையே உள்ளது 5 கிரே. 45-ஐ 15-ஆல் வகுத்தால் 3. 40-ஐ 15-ஆல் வகுத்தால் 2.67. இந்தச் சிறு வேறுபாட்டை நரம்பின் எதிர்வினைக்கேற்பக் கணக்கிட்டால், 45 கிரே முறை வழக்கமான 50 கிரேயைவிடக் கடுமையானதாகவும், 40 கிரே முறை அதைவிட மென்மையானதாகவும் அமையும். தவணையைக் குறைத்ததில் பிழையில்லை. குறைத்தபோது மொத்த அளவைப் போதுமான அளவு குறைக்காததே பிழை. கதிர்ப்புலங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் ஒரே கிடையில் சிகிச்சையை முடிக்கும் முறையும், கணினி வழி உள்ளுறுப்புப் படங்களைக் கொண்டு திட்டமிடும் முறையும் இதற்குள் பரவிவிட்டன.

அடுத்த கட்டமாக ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு 2011 முதல் 2014 வரை 4,096 பேரைச் சேர்த்தது. மூன்று வாரச் சிகிச்சையை ஒரே வாரச் சிகிச்சையோடு ஒப்பிட்டது. ஐந்து தவணைகளில் 26 கிரே பெற்றவர்களின் நிலை, 15 தவணைகளில் 40 கிரே பெற்றவர்களுக்கு ஈடாக இருந்தது. ஐந்து தவணைகளில் 27 கிரே பெற்றவர்களுக்கோ பின்விளைவுகள் கூடின. ஒரே ஒரு கிரே! முடிவு வெளியான 2020 ஏப்ரல், கொரோனாத் தொற்றால் மருத்துவமனைக்குச் செல்லும் நாள்களைக் குறைக்க எல்லாரும் வழிதேடிய காலம். பிரிட்டிஷ் மையங்கள் அதை விரைந்து ஏற்றன. அக்குளுக்கும் கதிர் தேவைப்படும் பெண்களை முதன்மை ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கெனத் தனித் துணை ஆய்வு நடத்தப்பட்டது. நரம்புப் பின்னலைப் பொறுத்தவரை எச்சரிக்கை இன்னும் தளரவில்லை என்பதை இது காட்டுகிறது.

ஐந்து வாரம் மூன்று வாரமாகக் குறைந்ததன் பயன் பிரிட்டனோடு நிற்கவில்லை. இந்திய மருத்துவமனைகளிலும் 15 தவணை முறை இன்று பரவலாக உள்ளது. மாவட்டங்களிலிருந்து பெருநகருக்கு வந்து, மருத்துவமனைக்கு அருகில் அறை எடுத்துத் தங்கி, கூலியை இழந்து சிகிச்சை பெறும் பெண்ணுக்குப் பத்து நாள் குறைவது சிறிய செய்தியன்று.

கேடு நேர்ந்தவர்களுக்கு

மேற்கண்ட முன்னேற்றம் எதுவும் ரேஜ் உறுப்பினர்களின் கையை மீட்டுத் தரவில்லை. அழுத்தமிகு ஆக்சிஜன் அறையில் நோயாளியை இருத்திச் சிகிச்சை செய்தால் தழும்பான திசுவில் புதிய இரத்தக் குழாய்கள் வளரும் என்ற நம்பிக்கை 1990-களில் இருந்தது. யார்னால்டு பங்குபெற்ற குழு, கதிர்வீச்சால் நரம்புப் பின்னல் கெட்ட 34 பேரிடம் இதைச் சோதித்தது. உண்மையான சிகிச்சை யாருக்கு, போலிச் சிகிச்சை யாருக்கு என்பது நோயாளிக்கோ மதிப்பிடுபவருக்கோ தெரியாதவாறு நடத்தப்பட்ட ஆய்வு அது. 2001-இல் முடிவு வெளியானது: நரம்பின் செயல்பாட்டில் முன்னேற்றத்திற்குச் சான்று கிடைக்கவில்லை.

பிற்காலத்தில் பாத் நகர மருத்துவமனை ஒன்றில் இப்பெண்களுக்கென மறுவாழ்வுச் சேவை ஏற்படுத்தப்பட்டது. வலியோடு நாளைக் கழிக்கும் பயிற்சி, செயலற்ற கையைத் தாங்கும் பட்டை, ஒரு கையால் சமைக்கவும் உடுத்தவும் உதவும் கருவிகள் ஆகியவை அங்கே கிடைத்தன.

1991-இல் தம் பெயருக்குள் சினத்தை வைத்துத் தொடங்கியபோது அப்பெண்கள் பலருக்குக் கையெழுத்துப் போடும் கையே வராமல் போயிருந்தது. மற்றக் கையால் எழுதப் பழகியவர்கள் அவர்களில் உண்டு.